வராத அம்மனை வழியனுப்பிய வீடு

இன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு என் பெரியவளின் இடது கையில் மூன்று சிவப்புத் தடிப்புகளைப் பார்த்தேன். நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடுமே என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவள் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றும் ஒரே வரிசையில், யாரோ விரலால் அளந்து வைத்ததுபோல இருந்தன.

அது என்னவென்று எனக்குத் தெரியும். ஆயுசு முழுவதும் தெரியும். அவளுடைய தலையணையை எடுத்து உறையைத் திருப்பினேன். தையலோரத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நசுக்கினேன். கொத்தமல்லித் தழையைக் கசக்கி, அதை ஒரு நாள் ஈரத்துணியில் பொதிந்து வைத்தால் வரும் வாசனை. உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாடகை வீட்டில் வளர்ந்த யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகு சற்று நேரம் நான் என்ன செய்தேன் என்பது என் நினைவில் இல்லை. அவர் குளித்துவிட்டு வந்து, "என்ன செய்யற நீ?" என்று கேட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். சின்னவனின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து ஒரு பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"இவன எங்க அனுப்பப் போற?"

"தெரியல."

"ஏம்மா, மூட்டப்பூச்சிக்குப் பயந்து யாராவது புள்ளைய வீட்ட விட்டு அனுப்புவாங்களா?" என்று சிரித்தார். பெரியவளும் சிரித்தாள். சின்னவன் பைக்குள் தலையை விட்டு விளையாட ஆரம்பித்தான். அவருக்குக் கதை தெரியாதா என்றால், தெரியும். ஆனால் கல்யாணமான புதிதில் கேட்ட கதை. ஆண்களுக்கு அப்படிப்பட்டவை நினைவில் தங்குவதில்லை. "செல்வத்துக்கு ஆள் சொல்லி அனுப்பறேன். மத்தியானத்துக்குள்ள மருந்தோட வந்துடுவான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

செல்வம் மலாக்கா டவுனுக்கு வெளியே, குருபோங்கில் இருக்கிறான். சுகாதார இலாகாவில் கொசு மருந்து அடிக்கும் வேலை. அவனைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முதலில் ஒரு கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜப்பான்காரன் வருவதற்கு வெகு காலம் முந்தி, வெள்ளைக்காரன் ஆட்சி அசையாது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த நாளில், நாங்கள் மலாக்காவில் இதே காஜா பெராங் பகுதியில்தான் குடியிருந்தோம். இப்போது சிமெண்டு வீடுகள் வரிசையாக நிற்கிறதே, அந்த இடத்தில் ஒரு நீளமான பலகை வீடு இருந்தது. உள்ளே பலகைத் தடுப்பு அடித்து நான்கு அறைகள். நான்கு அறைக்கும் ஒரு கிணறு, ஒரு முற்றம், பின்னால் ஒரு சமையல் கொட்டகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஓர் அட்டையைச் சொருகலாம். பக்கத்து அறையில் என்ன குழம்பு, யாருக்கு யார் மேல் கோபம், எல்லாம் அந்த இடுக்கு வழியாக வந்துவிடும். மூட்டைப்பூச்சியும் அந்த வழியாகத்தான் வந்தது, போயிற்று.

எல்லார் அறையிலும் இருந்தது. யாருமே ஒப்புக்கொண்டதில்லை. "எங்க ரூம்ல இல்லப்பா, ஒங்க பக்கத்துலேர்ந்துதான் ஒண்ணு ரெண்டு வருது போல" என்பதுதான் நான்கு அறையின் பேச்சும். வைத்தியமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும். அம்மா வெள்ளிக்கிழமை பூசைக்கு வீடு கழுவுகிற சாக்கில் கொதிக்கிற தண்ணீரைக் கெண்டியில் கொண்டுவந்து பலகை இடுக்கில் ஊற்றுவாள். அது அந்தப் பக்கம் போய் பாத்துமாக்கா அறையில் சொட்டும். பாத்துமாக்கா மண்ணெண்ணெயைக் கோழி இறகில் தொட்டு மூலை முடுக்கெல்லாம் தடவுவார். அந்த வாசனைக்கு அவை எங்கள் பக்கம் குடிபெயரும். இப்படி ஒருவர் விரட்டியதை இன்னொருவர் வாங்கி, அவர் விரட்டியதை முன்னவர் வாங்கி, ஒருவருக்கொருவர் வாய் திறக்காமலே வருஷக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடந்தது. நான்கு அறையும் ஒரே நாளில் கதவைத் திறந்துவைத்து வெந்நீர் ஊற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். அதற்கு ஒருவராவது முதலில் "எங்கள் அறையில் இருக்கிறது" என்று சொல்ல வேண்டுமே.

பாத்துமாக்கா முன்னறையில் குடியிருந்தவர். கணவருக்குக் கடைத்தெருவில் மசாலா சாமான் கடை. இரண்டு தலைமுறையாக மலாக்காவில் இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். பெரிய சரீரம், பெரிய குரல், எதற்கும் ஒரு கேலி. எங்கள் அம்மாவைத் தங்கச்சி என்பார். நோன்பு மாதத்தில் பொழுது சாயும்வரை எங்கள் அடுப்பில் எதையும் தாளிக்க மாட்டாள் அம்மா; வாசனை போய் நோன்பிருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பாள். எங்கள் விரத நாட்களில் பாத்துமாக்கா மீன் வாங்க மாட்டார். யாரும் யாரிடமும் கேட்டு நடந்ததில்லை. இந்த மரியாதையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நானும் பேசியிருக்கிறேன். அது ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்று எனக்குத் தெரிந்தும் பேசியிருக்கிறேன்.

வீட்டுக்காரி மாக் மீனா. மீனாட்சி என்ற பெயர்தான் அப்படி ஆகிவிட்டது. மலாக்கா செட்டி வம்சம். நெற்றியில் திருநீறு, உடம்பில் சாரோங்கும் கெபாயாவும், வாயில் மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் சில உறவு முறைகளும் மட்டும். நாங்கள் எல்லாரும் அவரிடம் மலாயில்தான் பேசுவோம். ஆனால் கோயில் காரியம் என்றால் தமிழ் பேசும் எங்களைவிட அவருக்குத்தான் முறை தெரியும். மாரியம்மனை அவர்கள் டாத்தோ சாச்சார் என்பார்கள். சாச்சார் என்றால் அம்மை நோய். நோயின் பேரையே சாமிக்கு வைத்துக் கும்பிடுகிறவர்கள்.

இனி கட்டில்.

அப்பா ஒரு ரப்பர் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. ஊரை விட்டுப் போன ஒரு துரை வீட்டுச் சாமான்களை லேலோங், அதுதான் ஏலம், போட்டபோது அப்பா வேடிக்கை பார்க்கப் போனார். வேடிக்கை பார்க்கப் போன அப்பா, மாட்டு வண்டியில் ஒரு பிரம்புக் கட்டிலோடு திரும்பி வந்தார். பின்னல் கட்டில். கால்களில் பூவேலை. ஒவ்வொரு பின்னலுக்கும் அடியில் ஒரு துளை, ஒவ்வொரு பூவிதழுக்கும் கீழே ஒரு பள்ளம். அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தொரைக்கு எத்தன புள்ளையோ, எல்லாம் இதுலதான் படுத்து எந்திரிச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே அதைத் தூக்கி முற்றத்து வெயிலில் போட்டு வெந்நீரால் குளிப்பாட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வாங்கிய கட்டிலில் பூச்சி என்று நான்கு அறைக்கும் தெரிந்துபோகுமே. துணியால் துடைத்து உள்ளே போட்டாள்.

கட்டில் எனக்கென்று ஆயிற்று. அப்போது எனக்கு எட்டு வயது. அதுவரை பாயில் உருண்டவள், ஒரே நாளில் துரைசாணி. பாத்துமாக்காகூட வாசலில் நின்று, "அடி யாத்தே, ராணி கட்டிலு! கீழ எறங்க ஏணி வேணுமோ ஒனக்கு?" என்றார். தம்பிக்கு ஒன்றரை வயது. அவன் உத்தரத்தில் தொங்கிய சேலைத் தொட்டிலில் தூங்குவான். அதனால்தான் அவன் உடம்பில் ஒன்றும் வரவில்லை. இதைப் பிற்பாடுதான் யோசித்தோம். அப்போது யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அந்த வருஷம் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலோடு பெரியம்மையும் இறங்கியதாக ஊரில் பேச்சு. யாருக்காவது கண்டால், ஊருக்கு வெளியே ஒரு கொட்டகைக்கு வண்டியில் ஏற்றிப் போவார்கள். போனவர்கள் எல்லாரும் திரும்புவதில்லை. அம்மை என்று சந்தேகித்தால் டாக்டரிடம் காட்டக் கூடாது என்பது அம்மா போன்றவர்களின் தீர்மானம். காட்டினால் வண்டி வரும். அந்தச் சமயத்தில் நான் மழையில் நனைந்து காய்ச்சலில் விழுந்தேன். புதுக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். மறுநாள் காலையில் அம்மா என் கையைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். பிறகு சட்டையை மெதுவாக இறக்கிவிட்டு, இரண்டு எட்டு பின்னால் போய்க் கும்பிட்டாள்.

"ஆத்தா வந்துட்டா" என்றாள் அப்பாவிடம்.

மாக் மீனா வந்து பார்த்தார். கையில் விளக்கில்லை, கண்ணாடியும் போட்டதில்லை. சற்றுத் தள்ளி நின்று பார்த்து, "டாத்தோ சூடா டாத்தாங்" என்றார். டாத்தோ வந்துவிட்டார். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாயிற்று.

அம்மன் வந்த வீட்டுக்கு என்னென்ன விதிகள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். தாளிக்கக் கூடாது. வெந்நீர் கொதிக்கக் கூடாது. மண்ணெண்ணெய் வாசனை ஆகாது. பாயை உதறக் கூடாது, வெயிலில் போடக் கூடாது, துவைக்கக் கூடாது. அம்மன் கண்டவர் படுத்த இடத்தை விட்டு மாறக் கூடாது. வீட்டில் எந்த உயிரையும், எறும்பைக்கூட, கொல்லக் கூடாது. மூட்டைப்பூச்சிகளைக் கூட்டிவைத்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால், அவை இதைவிட நல்ல விதிகளைக் கேட்டிருக்க முடியாது.

எங்கள் அறை மட்டுமில்லை, நான்கு அறையும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டது. பாத்துமாக்கா மீன் பொரிப்பதை நிறுத்தினார். கோழி இறகும் மண்ணெண்ணெயும் மூலைக்குப் போயின.

தம்பியை அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். அம்மை தொற்றிக்கொண்டால் குழந்தை தாங்காது என்பதால். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, குருபோங்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தாள். மாட்டு வண்டியில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா ஏறினார். தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை. வண்டி திரும்பும்வரை அழுதது கேட்டது. அம்மா வாசலுக்குப் போகவில்லை; அம்மனை விட்டு நகரக் கூடாதல்லவா. என் கட்டில் காலருகே உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி எப்பம்மா வருவான்?" என்று கேட்டேன்.

"நீ மலையேறினதும் வந்துருவான் தாயே."

என் அம்மா என்னைத் தாயே என்று கூப்பிட்டாள். எட்டு வயதில் அது எப்படித் தலைக்கேறும் என்று நினைத்துப் பாருங்கள். இளநீர் என்றால் இளநீர். நுங்கு கேட்டேன்; மலாக்காவில் நுங்குக்கு எங்கே போவது என்று அப்பா கைகட்டி நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதே அப்பா போன வாரம் வாய்ப்பாடு தப்பினதற்கு என் காதைத் திருகியவர். நான் வேப்பிலைப் படுக்கையில் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, கோயில் சிலை எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்க்கப் பழகினேன். சொறிய மட்டும் கூடாது. வேப்பங்கொத்தால் தடவிவிடுவாள் அம்மா. அது சுகமாக இருந்தது. இப்போது வேம்பு வாசனை வந்தால் எனக்குக் குமட்டும். கோயில் வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரே பக்தை நானாகத்தான் இருப்பேன்.

காய்ச்சல் இரண்டொரு நாளில் விட்டது. தடிப்பு விடவில்லை. ஒவ்வொரு காலையும் அம்மா என் சட்டையைத் தூக்கிப் பார்ப்பாள். ஒவ்வொரு காலையும் புதிதாக இருக்கும். கொப்புளமாகாது, நீர் கோக்காது, பொருக்குத் தட்டாது. அம்மை என்றால் அப்படியா இருக்கும்? ஆனால் அம்மா அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். "முத்துப் போடாம வெளையாடுறா ஆத்தா. எம்மேல அவளுக்கு எரக்கம்." புதிய தடிப்பு நின்ற பிறகுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தம்பி வர முடியும். என் முதுகில் ஒரு புதுச் சிவப்பு கண்டால், குருபோங் வண்டி மேலும் தள்ளிப்போகும். இதெல்லாம் எனக்கு அப்போது ஒரு கணக்காகத் தெரியவில்லை. அம்மா என் சட்டையை இறக்கிவிடும்போது அவள் கை கனத்துவருவது மட்டும் தெரிந்தது.

ஒரு நாள் அப்பா குருபோங் போய்விட்டு வந்தார். "நல்லா இருக்கான். சிரிக்கிறான். தங்கச்சிகிட்ட நல்லா ஒட்டிக்கிட்டான்" என்றார். நல்ல சேதிதானே. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தைக்கு அதற்குச் சில வாரங்கள் முந்திதான் ஒரு குழந்தை பிறந்து தங்காமல் போயிருந்தது. இதற்கு மேல் அப்பாவும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

அம்மா என்ன செய்தாள் என்பதைப் பாத்துமாக்கா சொல்லித்தான் வெகு காலம் கழித்து எனக்குத் தெரியும். கட்டிக்கொண்ட பாலைக் கிணற்றடிக்குப் போய்ச் செம்பருத்திச் செடியின் வேரில் பீய்ச்சிவிட்டு வருவாளாம். மிதிபடும் இடத்தில் தாய்ப்பால் விழக் கூடாது என்பது நம் வழக்கம். பிறகு வலி பொறுக்காமல், பால் வற்றுவதற்காக மல்லிகைப் பூவை மார்பில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எனக்கு நினைவிருப்பது அந்த வாசனைதான். வேம்புக்கு நடுவில் மல்லிகை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பூவெல்லாம் நீயே வச்சிக்கிட்ட. எனக்குக் கொஞ்சமாத்தான் போட்டிருக்க." அம்மன் அல்லவா நான். கோபித்துக்கொண்டேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

பாத்துமாக்கா முதல் நாளிலேயே கண்டுபிடித்துவிட்டார். எங்கள் அறை வாசல் திரைக்கு வெளியே நின்று என் கையைப் பார்த்த அந்த நிமிஷமே. ஐந்து பிள்ளை பெற்று அந்த வீட்டில் வளர்த்தவருக்கு அந்த வரிசை தெரியாதா? சொல்லவில்லை. "ஒரு முஸ்லிம் பொம்பள வந்து ஒங்க சாமி வரல, பூச்சிதான் வந்திருக்குன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? நான் என்னத்தச் சொல்ல, வாயில போட்ட வெத்தலயோட திரும்பிப் போயிட்டேன்" என்றார் என்னிடம், அவருக்கு முடியாமல் படுத்திருந்தபோது. அப்பாவுக்கும் சந்தேகம் இருந்திருக்கும். கட்டிலை வாங்கியவர் அவர். மாக் மீனாவுக்குத் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு மரியாதையை முன்னிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் கிணற்றடியில் அம்மாவைப் பார்த்த பிறகு பாத்துமாக்காவால் பொறுக்க முடியவில்லை. ஒரு மத்தியானம், அப்பா வேலைக்குப் போயிருந்தார். பாத்துமாக்கா திரையை விலக்கிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். அம்மா பதறி எழுந்தாள்.

"அக்கா, உள்ள வராதீங்க, ஆத்தா..."

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதே. ஒங்க சாமிய நான் ஒரு வார்த்த சொல்லல. கும்பிட்டுக்கறேன். நீ புள்ளைய மட்டும் கொஞ்சம் எறக்கு."

"எறக்கக் கூடாதுக்கா."

"எறக்குடி!"

அம்மா அசையவில்லை. பாத்துமாக்காவே என்னை அள்ளித் தரையில் நிறுத்தினார். வேப்பிலையோடு விரிப்பைச் சுருட்டி எடுத்தார். கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். தூக்கித் தரையில் ஓங்கிப் போட்டார்.

அதை நான் வர்ணிக்கப் போவதில்லை. தரையில் எள்ளைக் கொட்டினால் எப்படி இருக்கும், அந்த எள்ளுக்குக் கால் முளைத்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். வாசனை எழுந்தது. கொத்தமல்லி.

அம்மா அருகே வந்தாள். குனிந்து பார்த்தாள். ஒன்று அவள் கால் விரலில் ஏறியது, அதையும் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து அந்தத் தடிப்புகளைப் பார்த்தாள்.

"இதுக்கா அக்கா நான் எம்புள்ளைய அனுப்பினேன்?" என்றாள்.

பாத்துமாக்கா அழுதார். அம்மா அழவில்லை.

அப்போதே வண்டி பிடித்து குருபோங் போயிருக்கலாம். போகத்தான் கிளம்பினாள், சேலையைக்கூட மாற்றிவிட்டாள். மாக் மீனா வாசலில் மறித்தார். பூச்சி என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் டாத்தோவை அழைத்தாயிற்று, வேப்பிலை கட்டியாயிற்று, பெயர் சொல்லிக் கும்பிட்டாயிற்று. வந்தாரோ இல்லையோ, அழைத்தவரை முறையாக வழியனுப்பாமல் பிள்ளையை வீட்டுக்குள் கொண்டுவரலாமா? வெள்ளிக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மாவிளக்கு வைத்து, கோயிலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வா என்றார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். கடைசியில் உள்ளே வந்து சேலையை மாற்றிக்கொண்டாள். வராத அம்மனை வழியனுப்புவதற்காக வெள்ளிக்கிழமைவரை காத்திருந்தாள்.

அதற்கு நடுவில், பூச்சியை விரட்ட மட்டும் மாக் மீனா தடை சொல்லாததால், அந்த வீடு முதல்முறையாகக் கதவுகளைத் திறந்தது. நான்கு அறையும் ஒரே காலையில். கட்டில், பாய், மெத்தை, தலையணை எல்லாம் முற்றத்து வெயிலுக்கு வந்தன. ஒவ்வொன்றையும் தட்டத் தட்ட, எல்லார் வீட்டு ரகசியமும் ஒரே தரையில் ஓடியது. கடைசி அறையில் குடியிருந்த தையல்காரர், "எங்க ரூம்ல இல்லப்பா" என்று நாள்தோறும் சத்தியம் செய்தவர், தன் மெத்தையைத் தட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இதெல்லாம் நேத்துதான் வந்திருக்கும்" என்றார். பாத்துமாக்கா, "ஆமா, ரயிலேறி வந்திருக்கும், டிக்கெட்டு வாங்குச்சான்னு கேளுங்க" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். பெரிய அண்டாவில் வெந்நீர் கொதித்தது. இடுக்குகளில் ஊற்றி, பிறகு சுண்ணாம்பைக் குழைத்து அடைத்தார்கள். கட்டில் கால்களைத் தண்ணீர் ஊற்றிய தகர டப்பிகளுக்குள் நிறுத்தினார்கள். என் ராணிக் கட்டிலை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். பிரம்பு வெடித்து வெடித்து எரிந்தது. அம்மா மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கோயிலுக்குப் போய் வந்த கையோடு குருபோங் போனோம். அத்தை வீட்டு வாசலில் தம்பி மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தான். கொழுகொழுவென்று இருந்தான். அம்மா ஓடிப்போய் வாரி எடுத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். உடம்பை வளைத்துக்கொண்டு அலறினான். அத்தை பக்கம் கையை நீட்டினான். அம்மா அங்கேயே உட்கார்ந்து மாராப்பை விலக்கி அவனை அணைத்தாள். வாய் வைத்தான், எடுத்துவிட்டான். மல்லிகைப் பூ அதன் வேலையைச் செய்திருந்தது. அத்தை கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் ரவிக்கை நனைந்திருந்ததை நான்கூடப் பார்த்தேன்.

"ரெண்டு நாள் இருக்கட்டும் அண்ணி. பழகினதும் நானே கொண்டாந்து விடறேன்" என்றாள்.

அந்த இரண்டு நாள் முடியவேயில்லை. அழைத்துவந்தால் காய்ச்சல் வரும். திரும்பக் கொண்டுபோய் விட்டால் சிரிப்பான். அத்தையிடம் "குடு" என்று கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் எப்படிக் கேட்பது என்றாள். மறுபடியும் மரியாதை. அவன் அங்கேயே வளர்ந்தான். அத்தையை அம்மா என்றான். அப்பாவை மாமா என்றான். அப்படியானால் அம்மா யார்? மாமி. பெற்றவளை அவன் கடைசிவரை மாமி என்றுதான் கூப்பிட்டான். ஒரு கல்யாண வீட்டில், விஷயம் தெரியாத ஒரு கிழவி என் தாடையை இடித்து, "அத்த மவன் ஜோரா இருக்கானே, ஒனக்குத்தானடி மொறை?" என்று கேட்டுவிட்டாள். நான் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்து கொல்லையில் வாந்தியெடுத்தேன். அன்றிலிருந்து அவன் என்னை எந்த முறை சொல்லியும் அழைப்பதில்லை. "இங்க பாரு", "கேளு", அவ்வளவுதான்.

அவன்தான் செல்வம்.

பெரியவனான பிறகு அவனுக்கு எல்லாம் தெரியும். யாராவது உன்னைத் தத்துக் கொடுத்தார்களா என்று கேட்டால், "ஆமா, மூட்டப்பூச்சிக்குத் தார வாத்துக் குடுத்துட்டாங்க" என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அம்மா உயிரோடு இருந்தவரை, அவள் இருக்கிற இடத்தில் மட்டும் அதைச் சொன்னதில்லை.

அந்தப் பலகை வீடு இப்போது இல்லை. யுத்தத்தில் பாதி போயிற்று, மீதியை யுத்தம் முடிந்ததும் விறகுக்கு விற்றார்கள். மாக் மீனா போனார். பாத்துமாக்கா போனார். அப்பா போய், அவர் பின்னாலேயே அம்மாவும் போனாள். ஊருக்கு வெளியே இருந்த அந்த அம்மைக் கொட்டகையும் அதற்குப் போகும் வண்டியும் இல்லை. வெள்ளை மாவு மருந்து வந்த பிறகு மூட்டைப்பூச்சியே ஊரில் ஒழிந்தது என்றார்கள். சின்னவன் இன்று காலைவரை அதைப் பார்த்ததில்லை. படக்கொட்டகை நாற்காலியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்தோம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன்: "எங்க வீட்ல மூட்டப்பூச்சி இருக்கு, நீங்களும் பாத்துக்குங்க." அந்தம்மா முகத்தைச் சுளித்து, "சீ, ஒங்க வீட்லயா?" என்றாள். கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் முகத்துக்கு நேரே சொல்லிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொள்ளும் அந்தப் பழைய மரியாதை போனதற்கு வருத்தப்படுவதா, கும்பிடு போடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பெரியவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டேன். அவள் கையை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தேன். அவளுக்குக் குத்தின அம்மைப்பாலின் வடு தோளில் தெளிவாக இருக்கிறது. அதையும் தொட்டுப் பார்த்தேன். தலையணைகளை வெயிலில் போட்டேன், கட்டில் பலகைகளைக் கழற்றி வெந்நீர் ஊற்றினேன். எல்லாம் செய்தும், அந்தப் பையை மட்டும் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. மடித்த சட்டைகளோடு நாற்காலியில் அப்படியே இருந்தது. சின்னவன் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனான்.

மத்தியானத்துக்கு மேல் சைக்கிள் மணி கேட்டது. செல்வம் மருந்துத் தகரத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்திருந்தான். வேலைச் சட்டை முழுதும் வெள்ளை மாவு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பெரியவளின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். பிறகு தூங்குகிற சின்னவனைப் பார்த்தான். அவன் தலைமாட்டில் இருந்த பையைப் பார்த்தான். அதை மெதுவாக உருவி எடுத்து, வாயைத் திறந்து, உள்ளே இருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தான்.

"மூட்டப்பூச்சிதான்" என்றான். "புள்ளைய எங்கயும் அனுப்பாத."